ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் டிரைவரைக் குற்றம் சொல்வதற்கு முன்

லினக்ஸிலோ ஃப்ரீபிஎஸ்டியிலோ ஓடும் கணினியில் ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போனால், பெரும்பாலானோர் உடனே சொல்வது "டிரைவர் பிரச்சினை" என்பதுதான். டிரைவர் என்பது வன்பொருளோடு பேசும் மென்பொருள். சொந்தக் கணினிகள், நண்பர்களின் கணினிகள், வேலையிடத்து சர்வர்கள் என்று பல வருடங்களாக இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டி வருகிறேன். அப்படிச் சொல்லி என்னிடம் வந்தவற்றில் டிரைவரிலேயே கோளாறு இருந்தது மிகக் குறைவு. கேபிள், மின் இணைப்பு, பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) ஒரு அமைப்பு, பூட் ஆகும்போது ஏற வேண்டிய மாட்யூல் (இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு தேவைப்படும்போது சேரும் டிரைவர் துண்டு) ஏறாதது, இல்லையென்றால் உண்மையாகவே சாகத் தொடங்கிவிட்ட டிஸ்க், இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. டிரைவர் கெட்ட செய்தியைக் கொண்டுவரும் தபால்காரர். அவரைத் திட்டுவதைவிடக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில் பலன் அதிகம். அந்தக் கடிதத்தைப் படிக்க நான் கற்றுக்கொண்ட விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. டிஸ்க் அடிக்கடி அறுந்து அறுந்து சேர்கிறது என்றால் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டாதீர்கள். அது கோப்பு முறைமையைத் திருத்துகிறேன் என்று டிஸ்க்கில் எழுதும். படிப்பதே நம்பிக்கையாக நடக்காத இடத்தில் எழுதவும் ஆரம்பித்தால், பாதி எழுதப்பட்ட அட்டவணைகளோடு நிலைமை இன்னும் மோசமாகும். முதலில் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட் செய்யுங்கள் (கோப்பு முறைமையை இணைத்துத் திறப்பதுதான் மவுன்ட்), அல்லது மவுன்ட் செய்யவே வேண்டாம். காப்புப் பிரதி இல்லையென்றால் டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அதற்கு ஒரு மேப் கோப்பின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்று அதில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் டிஸ்க் விழுந்து கணினியை மறுபடி இயக்க நேர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை மட்டும் வாரிக்கொள்ளுங்கள். பிடிவாதமான செக்டர்களை (டிஸ்க் தரவை வைத்திருக்கும் சின்னத் துண்டுகள்) நோண்டுவது அடுத்த சுற்றில். தரவு பத்திரமான பிறகு நிதானமாகச் சோதிக்கலாம், கையும் நடுங்காது.

இப்போது சோதனை. நான் முதலில் ஓட்டுவது கணினியின் பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை, சாதன எண்களையும் டிரைவர் பெயரையும் காட்டும் தெரிவுகளோடு. டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சில்லான கன்ட்ரோலருக்குக் கீழே இரண்டு வரிகள் வரும். ஒன்று இப்போது பயன்பாட்டில் இருக்கும் டிரைவர், மற்றது அந்தச் சாதனத்துக்குப் பொருந்தும் மாட்யூல்கள். இரண்டும் இருந்தால் டிரைவர் கன்ட்ரோலரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, பிரச்சினை அதற்கு அப்பால். மாட்யூல் வரி மட்டும் இருந்தால் டிரைவர் இருக்கிறது, ஒட்டவில்லை: யாரோ அதைத் தடைப் பட்டியலில் சேர்த்திருக்கலாம், அல்லது அது தொடங்கும்போதே தோற்றிருக்கலாம். இரண்டுமே இல்லையென்றால்தான் "இந்தக் கெர்னலில் இதற்கு டிரைவர் இல்லை" என்று சொல்ல முடியும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லினக்ஸின் சில வணிக விநியோகங்கள் பழைய சாஸ் (சர்வர் டிஸ்க்குகளுக்கான இணைப்பு) மற்றும் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒரே அணியாக்குவது) அட்டைகளின் அடையாள எண்களை டிரைவரிலிருந்து நீக்கிவிடுகின்றன. டிரைவர் கோப்பு அப்படியே இருக்கும், உங்கள் அட்டையை மட்டும் அது கண்டுகொள்ளாது. பதிப்பு உயர்த்தியதும் டிஸ்க்குகள் மொத்தமாகக் காணாமல் போன ஒரு பழைய சர்வரில் இதைத்தான் பார்த்தேன். அந்த எண்ணை வைத்து வெளியீட்டுக் குறிப்பில் தேடியபோது, நீக்கப்பட்டவற்றின் பட்டியலில் அது இருந்தது.

டிரைவர் ஒட்டியிருக்கிறது, ஆனாலும் டிஸ்க் தடுமாறுகிறது என்றால் கெர்னல் பதிவுதான் கதி. அந்தப் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளை கொட்டும் நூற்றுக்கணக்கான வரிகளில் பலரும் கடைசியில் இருக்கும் ஐஓ எரர் வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது விளைவு. காரணம் மேலே இருக்கும், முதன்முதலில் எது தப்பாகப் போனதோ அந்த வரியில். சாட்டா டிஸ்க்குகளுக்கு லினக்ஸில் லிப்ஏடிஏ என்ற அடுக்கு பொறுப்பு. அது ஏடிஏ3.00 என்பது போன்ற பெயரோடு "எக்ஸெப்ஷன்" என்று தொடங்கி, ஈமாஸ்க் என்ற பிழை வகை எண்ணையும், தோற்ற கட்டளையையும், டிஸ்க் சொன்ன நிலையையும் அடுத்தடுத்த வரிகளில் தரும். அந்த ஏடிஏ3 எந்த டிஸ்க் என்று தெரிய, கெர்னல் சாதன விவரங்களைக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையின் பிளாக் அடைவில் இருக்கும் இணைப்புகள் எங்கே போகின்றன என்று பார்த்தால் போதும். பாதையிலேயே ஏடிஏ3 என்று வரும். லினக்ஸ் வைக்கும் முதல் டிஸ்க் பெயரான எஸ்டிஏதான் ஏடிஏ1 ஆக இருக்கும் என்று ஊகிக்க வேண்டாம். தப்பான டிஸ்க்கைக் கழற்றுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

பிழையை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பேன். யுஎன்சி என்று வந்தால் டிஸ்க்கின் பரப்பிலேயே படிக்க முடியாத செக்டர் இருக்கிறது. அதை எந்த டிரைவராலும் சரிசெய்ய முடியாது. ஐசிஆர்சி அல்லது பேட்சிஆர்சி என்று வந்தால் டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலான பாதையில் பிட்டுகள் சிதைகின்றன. டைம்அவுட் (பதில் வராமலே நேரம் கடந்தது) என்று மட்டும் வந்து, நிலை வரியில் டிஸ்க் தயார் என்று இருந்தால் அதுதான் குழப்பமானது. டிஸ்க், கேபிள், மின்சாரம், மின் சேமிப்பு, டிரைவர் எதுவும் காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது வகைக்கு என் வீட்டு சர்வரே நல்ல உதாரணம். பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் ஒரு டிஸ்க் சில நொடிகள் உறையும். பதிவில் "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்று வரும், மறுபடி இணைப்பு 6 ஜிகாபிட்டில் எழும். சில முறை இப்படி ஆன பிறகு கெர்னல் தானாகவே வேகத்தை 3 ஜிகாபிட்டுக்குக் குறைத்தது. அதன் பிறகு உறைவது நின்றுவிட்டது. வேகத்தைக் குறைத்ததும் பிழை நிற்கிறது என்றால் சிக்னல் தரத்தில்தான் குறை இருக்க வேண்டும். டிஸ்க் தன் நலனைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் எண்களைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் மூலம் 199ஆவது பண்பைப் பார்த்தேன், யூடிஎம்ஏ சிஆர்சி பிழைகளின், அதாவது பாதையில் சிதைந்த பரிமாற்றங்களின், எண்ணிக்கை அது. அந்த எண் ஒருபோதும் குறையாது, ஏறத்தான் செய்யும். ஆகவே அதன் அளவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, இன்றும் ஏறுகிறதா என்பதே கேள்வி. எண்ணைக் குறித்துக்கொண்டு பெரிய நகல் ஒன்றை ஓட்டினேன், ஏறியது. டிஸ்க்கை அதே போர்ட்டில் வைத்துக் கேபிளை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டினேன், அசையாமல் நின்றது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது மெதுவான வழிதான். ஆனால் கேபிள், போர்ட், கெர்னல் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியிருந்தால் எது குற்றவாளி என்று எனக்குத் தெரிந்திருக்காது, பழைய கேபிள் இன்னொரு கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மின்சாரத்தையும் இதே வரிசையில் வையுங்கள். ஒரே மின்கம்பியைப் பிரித்துப் பல டிஸ்க்குகளுக்குக் கொடுக்கும் பிரிப்பான்கள் தளர்ந்தால், பல டிஸ்க்குகள் ஒரே நொடியில் விழும். பதிவில் நேரத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வெளிப்பெட்டியிலிருந்து கழற்றிய சில புதிய டிஸ்க்குகள் பழைய மின்வழங்கியில் சுழலவே சுழலாது. புதிய சாட்டா விதிப்படி மின் இணைப்பின் மூன்றாவது பின் டிஸ்க்கை அணைக்கும் சமிக்ஞைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பழைய மின்வழங்கிகள் அதில் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பதால் டிஸ்க் அணைந்தபடியே கிடக்கும். கெர்னல் "லிங்க் டவுன்" என்று மட்டும் சொல்லும், அதைப் பார்த்து டிரைவரை மாற்றிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அந்தப் பின்னை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடினால் டிஸ்க் எழும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நல்ல டிஸ்க்குகள் பல இதனால் குப்பைக்குப் போகின்றன, சில நேரம் முழு ரெய்டு அணியும் சரிகிறது. லினக்ஸ் ஒரு டிஸ்க்குக் கட்டளையை அனுப்பிவிட்டு இயல்பாக 30 நொடி காத்திருக்கும். பதில் வரவில்லையென்றால் இணைப்பை ரீசெட் செய்யும். ஆனால் மேசைக் கணினிக்கென்று செய்யப்படும் டிஸ்க்குகள் பல, ஒரு செக்டர் படிக்க வராவிட்டால் உள்ளுக்குள்ளேயே ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப முயலும். தனி டிஸ்க் என்றால் அது நியாயம்தான், வேறு பிரதி இல்லாத தரவை எப்படியாவது மீட்கப் பார்க்கிறது. ரெய்டில் அது விபரீதம். டிஸ்க் முயன்றுகொண்டிருக்கும்போதே கெர்னல் பொறுமை இழந்து ரீசெட் செய்கிறது. டிஸ்க் பதில் சொல்லாததால் ரெய்டு அடுக்கு அதை அணியிலிருந்து வெளியேற்றுகிறது. ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக ஒரு முழு டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் போட்டு அணியை மறுகட்டமைக்கும்போது மற்ற டிஸ்க்குகளின் ஒவ்வொரு செக்டரும் படிக்கப்படும். அங்கே இன்னொரு கெட்ட செக்டர் எதிர்ப்பட்டால் இரண்டாவது டிஸ்க்கும் வெளியே. ஒரு சின்ன அலுவலகத்தின் சர்வர் இப்படித்தான் என்னிடம் வந்தது, கன்ட்ரோலர் டிரைவரில் கோளாறு என்ற தீர்ப்போடு.

இதற்கு மருந்து எளிது. எஸ்சிடி ஈஆர்சி என்ற வசதி இருக்கும் டிஸ்க்குகளில், இவ்வளவு நேரத்துக்குள் முடியாவிட்டால் பிழை என்று சொல்லிவிடு என்று கட்டளையிடலாம். ஸ்மார்ட்சிடிஎல் வழியாகப் படிக்கவும் எழுதவும் 70 என்று கொடுத்தால் 7 நொடி என்று பொருள், அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. டிஸ்க் 7 நொடியில் பிழையைச் சொல்லிவிட்டால் ரெய்டு அடுக்கு அந்தத் தரவை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணித்துக் கெட்ட செக்டரின் மேல் எழுதிவிடும், யாரும் வெளியேற வேண்டியதில்லை. அந்த வசதி இல்லாத டிஸ்க் என்றால் எதிர்த் திசையில் போங்கள்: சிஸ் கோப்பு முறைமையில் அந்த டிஸ்க்கின் டைம்அவுட் என்ற கோப்பில் 30க்குப் பதிலாக 180 என்று எழுதுங்கள். கணினியை மறுபடி இயக்கினால் டைம்அவுட் பழைய மதிப்புக்கே திரும்பும். மின்சாரம் போய் வந்தால் பெரும்பாலான டிஸ்க்குகளில் ஈஆர்சியும் அப்படியே. ஆகவே சாதனம் தென்படும்போது ஓடும் யூடெவ் விதியாகவோ பூட் ஸ்கிரிப்டாகவோ வைத்துவிடுங்கள். மென்பொருள் ரெய்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றே தங்கள் டிஸ்க்குகளில் இதைப் பார்க்க வேண்டும் என்பேன். மாதம் ஒருமுறை முழு அணியையும் படித்துச் சரிபார்க்கும் வேலை ஓடுகிறதா என்பதையும் சேர்த்துத்தான்.

டைம்அவுட் வகைப் பிழையில் கேபிளும் மின்சாரமும் சரி, ஸ்மார்ட் எண்களும் சுத்தம் என்றான பிறகே கெர்னல் அளவுருக்களைத் தொடுவேன். இரண்டு விஷயங்களைச் சோதிக்கலாம். ஒன்று இணைப்பின் மின் சேமிப்பு. மடிக்கணினிகளில் சும்மா இருந்துவிட்டு வேலை தொடங்கும் நேரத்தில் டிஸ்க் உறைகிறது என்றால், சிஸ் கோப்பு முறைமையின் ஸ்கசி ஹோஸ்ட் அடைவில் இருக்கும் லிங்க் பவர் மேனேஜ்மென்ட் கோப்பில் மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்று எழுதிப் பாருங்கள், மறுபடி பூட் செய்யாமலே பலன் தெரியும். மற்றது என்சிக்யூ, அதாவது ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வரிசையில் வைத்திருக்கும் வசதி. சில டிஸ்க்குகளின் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இதில் தடுமாறும். லிப்ஏடிஏ ஃபோர்ஸ் அளவுருவில் நோஎன்சிக்யூ கொடுத்தால் அது அணையும். எங்கோ கண்ட நாலைந்து அளவுருக்களை மொத்தமாக ஒட்டிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அவற்றில் எது வேலை செய்தது என்று தெரியாது, மற்றவை வருடக்கணக்கில் வேகத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

கெர்னலைப் புதுப்பித்த பிறகு பூட் ஆகவில்லை என்பது முற்றிலும் வேறு கதை. திரையில் வரும் எண்ணைக் கவனியுங்கள். இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி, அன்நோன் பிளாக் 0,0 என்று வந்தால் கெர்னல் எந்த டிஸ்க்கையும் ரூட்டாக அடையாளம் காணவில்லை. பெரும்பாலும், பூட்டின் தொடக்கத்தில் தேவைப்படும் மாட்யூல்களைக் கொண்ட இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஏறவே இல்லை. 8,1 போல 8 என்று தொடங்கினால் டிஸ்க் தெரிகிறது, டிரைவர் வேலை செய்கிறது, கோப்பு முறைமைதான் ஏறவில்லை; 8 என்பது எஸ்டி வகை டிஸ்க்குகளின் எண். டெபியன் வழி வந்தவற்றில் குறிப்பிட்ட யூயூஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) இல்லை என்று சொல்லி ஒரு சின்ன ஷெல்லில் விட்டால், அங்கேயே மாட்பிரோப் மூலம் ஏஹெச்சிஐ (சாட்டா கன்ட்ரோலருக்கானது) அல்லது என்விஎம்இ (பிசிஐ வழியே இணையும் எஸ்எஸ்டிக்கானது) மாட்யூலை ஏற்றிப் பாருங்கள். டிஸ்க் எட்டிப் பார்த்தால் காரணம் தெளிவு, வெளியேறினால் பூட் தொடரும். பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்க வேண்டும். இது நடக்க இரண்டு வழக்கமான காரணங்கள்: பூட் பகிர்வு நிரம்பிப் போய்க் கோப்பு முழுதாக எழுதப்படாதது, டிஸ்க்கை வேறு மதர்போர்டுக்கு மாற்றியது. இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும் டிராகட் கருவி இயல்பாக அந்தந்தக் கணினிக்குத் தேவையான மாட்யூல்களை மட்டும் கட்டும் விநியோகங்கள் உண்டு. போர்டு மாற்றத் திட்டமிட்டால், பழைய போர்டில் இருக்கும்போதே எல்லா மாட்யூல்களோடும் ஒரு முறை கட்டிவிடுங்கள்.

நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பு முறை ரெய்டு என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சில கணினிகளில் அந்த முறை என்விஎம்இ டிஸ்க்கை ஏஹெச்சிஐ கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளித்துவிடும். லினக்ஸ் கெர்னல் பதிவில், ஒளிக்கப்பட்ட என்விஎம்இ இருக்கிறது, பயாஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்று என்று அப்பட்டமாகவே எழுதியிருக்கும். அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்தால், முதலில் அதைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) பூட் ஆகும்படி அமைத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள், இல்லையேல் அது எழாமல் போகலாம்.

யூஎஸ்பி பெட்டிகளில் பெரும்பாலும் யூஏஎஸ் என்ற வேகமான நெறிமுறைதான் பிரச்சினை. டிஸ்க்கைவிடப் பெட்டிக்குள் இருக்கும் மாற்றுச் சில்லு அதைச் சரியாகப் பேசாதது காரணம். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவில் ஓட்டினால் யூஏஎஸ் பயன்பாட்டில் இருக்கிறதா என்று தெரியும். அந்தச் சில்லின் இரண்டு அடையாள எண்களோடு யூ என்ற குறியை யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலின் க்விர்க்ஸ் அளவுருவில் கொடுத்தால் பழைய நெறிமுறைக்குத் திரும்பும். வேகம் கொஞ்சம் குறையும், நகல் பாதியில் அறுவது நிற்கும்.

என்விஎம்இ டிஸ்க் ஓடும்போதே மறைவது இன்னும் எரிச்சலானது, ஏனென்றால் பதிவு எழுதப்பட வேண்டிய டிஸ்க்கும் அதுவே. மறுபடி பூட் செய்து பார்த்தால் பிழை நடந்த தடயமே இருக்காது. இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, டிமெஸ்ஜியைத் தொடர்ந்து காட்டும்படி விட்டு வையுங்கள். டிஸ்க் போனாலும் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் கட்டளை கடைசி வரிகளை அனுப்பிவிடும். கன்ட்ரோலர் டவுன் என்று சொல்லி, நிலை எண் முழுக்க எஃப் ஆக வந்தால் டிஸ்க் பஸ்ஸிலிருந்தே பதில் சொல்லாமல் போயிருக்கிறது. ஆழமான மின் சேமிப்பு நிலைக்குப் போய்த் திரும்பி வராதது இதற்கு வழக்கமான காரணம். புதிய கெர்னல்கள், என்விஎம்இ கோர் மாட்யூலின் தாமத வரம்பை 0 ஆக வைத்துப் பார் என்று தாங்களே பதிவில் எழுதுகின்றன. ஆனால் முதலில் டிஸ்க் ஃபர்ம்வேரின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிஎஸ்டி பக்கம் ஒரு வார்த்தை. ஃப்ரீபிஎஸ்டியில் கேம்கன்ட்ரோல் கட்டளை டிஸ்க் பட்டியலைத் தரும், பூட் பதிவு வார் அடைவுக்குள் இருக்கும் ரன் அடைவில் கோப்பாகவே இருக்கும். 2012 ஜனவரியில் வந்த 9.0 பதிப்பில் ஏடி என்றிருந்த டிஸ்க் பெயர்கள் ஏடிஏ என்று மாறின. மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டாபில் பழைய பெயரை எழுதி வைத்திருந்தவர்கள் அதையே டிரைவர் கோளாறாக நினைக்க வாய்ப்பிருந்தது. லினக்ஸிலும் எஸ்டிஏ, எஸ்டிபி வரிசை ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். டிஸ்க் பெயருக்குப் பதிலாக ஃப்ரீபிஎஸ்டியில் ஜிபிடி லேபிள் (பகிர்வுக்கு நாம் வைக்கும் பெயர்), லினக்ஸில் யூயூஐடி எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிழை நிற்கவில்லை, பழைய கெர்னலில் வராத பிழை புதியதில் மட்டும் வருகிறது என்றால், அப்போது அது டிரைவர் பிரச்சினைதான். அதைத் தெரிவியுங்கள். லிப்ஏடிஏவுக்குள் எந்த டிஸ்க் மாடல், எந்த ஃபர்ம்வேர் பதிப்பு என்ன கோளாறு செய்யும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதற்கு என்சிக்யூ வேண்டாம், இதற்கு மின் சேமிப்பு வேண்டாம் என்று. யாரோ ஒருவர் நேரம் ஒதுக்கித் தெரிவித்த பிழைகளிலிருந்து வளர்ந்த பட்டியல் அது. உங்கள் அறிக்கையில் வேலை செய்த கடைசிக் கெர்னல் பதிப்பு, செய்யாத முதல் பதிப்பு, பூட்டிலிருந்து வெட்டாத முழு டிமெஸ்ஜி, எண்களோடு எல்எஸ்பிசிஐ, ஸ்மார்ட்சிடிஎல் தரும் மாடல் மற்றும் ஃபர்ம்வேர் வரிகள் எல்லாம் இருக்கட்டும். டிஸ்க்கின் வரிசை எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள், அது யாருக்கும் தேவைப்படாது. ஃபர்ம்வேர் வரியை மறக்காதீர்கள், அது இல்லாமல் அந்தப் பட்டியலில் எந்தப் பதிப்புக்கு எதிரே குறிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.